பின்னால் இன்னொரு பஸ் வரும்

போன மாதம் ஜமுனாமரத்தூரில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். வெளியூர்க்காரர்களைப் பீமன் மடவு அருவிக்கும், மலைமேல் இருக்கும் பழைய கல்திட்டைகளுக்கும் கூட்டிப்போய்க் காட்டுவது அவர்கள் தொழில். நான் வேலை பார்த்த காலத்தில் இங்கே அப்படி ஒரு தொழிலே கிடையாது. இப்போது சனி, ஞாயிறு என்றால் சென்னை, பெங்களூர் வண்டிகள் மலையேறிவிடுகின்றன. வந்தவர்களுக்குத் தலைவி பச்சையம்மாள். சொந்த ஜீப்பைத் தானே ஓட்டுகிறவள். என்னை மாமா என்று கூப்பிடும் முறை.

"மாமா, நீங்க கப்பல்ல வந்த வெள்ளைக்காரங்களையே கட்டி மேய்ச்சவரு. எங்களுக்கு ஒரு ரூல்ஸ் போட்டுக் குடுங்க" என்றாள்.

"இன்னா ரூல்ஸ்?"

"டூரிஸ்ட் ஏறின வண்டியில வழியில கை காட்றவங்கள ஏத்தக் கூடாதுன்னு. நான் சொன்னா இதுங்க கேக்காது. நீங்க சொன்னா கேக்கும்."

காரணத்தையும் சொன்னாள். ஒரு சென்னைக் குடும்பத்தை அருவிக்குக் கூட்டிப்போகும்போது, வளைவில் நின்ற ஒரு பெண்ணை ஆட்டுக்குட்டியோடு ஏற்றிக்கொண்டாளாம். அந்தக் குடும்பத்துக்காரர் ஊருக்குப் போய் இவள் வண்டிக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார்.

"அந்தக் குட்டி அவரு புள்ள மடியிலதான் தூங்கிகினு வந்துச்சு மாமா. எறங்க மாட்டேன்னு புள்ள அழுவுது. அப்பன்காரன் ஒத்த ஸ்டார் போட்றான். ஆட்டுக்குட்டிய கேட்டிருந்தா அஞ்சு போட்டிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "யோசிச்சிச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அந்த விதியை எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கடைப்பிடித்து என்ன செய்தேன் என்பதும் தெரியும். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இங்கே எழுதிவிடுகிறேன்.

மலைப்பாதையில் கை காட்டுகிறவரை வண்டி தாண்டிப் போவதில்லை. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. திருப்பத்தூரிலிருந்து ஏறிவரும் பஸ்ஸானாலும், பால் வண்டியானாலும், புளி மூட்டை ஏற்றிய லாரியானாலும் நிற்கும். இடமில்லை என்றால் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "எடமில்ல, சாமைக்கட்டு மேல குந்திக்கினு வர்றியா?" என்றாவது கேட்பார். கேட்காமல் போனவரின் பெயர் மறுநாள் சந்தையில் அடிபடும். நான் பள்ளிக்கூடம் போனதும் அப்படிக் கை காட்டித்தான். ஓட்டுநர் பக்கத்தில், மூட்டைமேல், ஒரு தரம் கோழிக்கூடைகளுக்கு நடுவில்.

படித்த கதை சிறியது. மலையிலேயே அரசு உறைவிடப் பள்ளி, திருப்பத்தூரில் கல்லூரி, சென்னையில் வரலாற்றில் முதுகலை. ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. சுற்றுலா வழிகாட்டித் தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். சென்னைத் துறைமுகத்துக்கு வரும் சுற்றுலாக் கப்பல்களின் பயணிகளை ஒருநாள் ஊர் சுற்றிக் காட்டும் ஒரு நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பும்வரை அங்கேதான்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஜோசப் சார். குரல் உயர்த்தியே நான் கேட்டதில்லை. இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். இடது கையில் ஊர் நேரம், வலது கையில் கப்பல் நேரம். கப்பல் கடிகாரம் சில சமயம் ஊர்க் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. பயணிகள் கப்பல் நேரத்தில்தான் வாழ்வார்கள். அதனால் யாராவது நேரம் கேட்டால் ஜோசப் சார், "எந்தக் கைக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அதுதான் அவருடைய ஒரே வேடிக்கை.

வேலையின் ஒழுங்கை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பயணிகள் கப்பலிலிருந்து இறங்கியதும் ஒவ்வொருவர் சட்டையிலும் பஸ் எண் எழுதிய வட்ட ஒட்டி. வழிகாட்டி கையில் அதே எண் எழுதிய கைப்பலகை. அதை எப்போதும் தலைக்கு மேலே தூக்கியே நடக்க வேண்டும். எல்லா பஸ்களும் ஒரே கோயிலில் போய் விழாதபடி ஒன்று இங்கிருந்து தொடங்கினால் இன்னொன்று அங்கிருந்து. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் வெள்ளைப் பருத்திக் காலுறை கொடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் கருங்கல் தளத்தில் அவர்கள் பாதம் தாங்காது. கழிப்பறை எங்கே சுத்தமாக இருக்கும் என்பது கல்வெட்டு எங்கே இருக்கும் என்பதைவிட முக்கியம். பஸ் கிளம்பும் முன் ஆள் எண்ண வேண்டும். எண்ணியபின் மறுபடி எண்ண வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. நம் பஸ்ஸில் வந்தவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். அது கப்பல் கொடுத்த வாக்கு. தனியாகக் கார் பிடித்துப் போனவர்கள் தாமதமானால் காத்திருக்காது. ஆகவே ஒட்டி இல்லாத யாரும் நம் பஸ்ஸில் ஏறக் கூடாது. காப்பீடும் ஒட்டிக்குத்தான், பொறுப்பும் ஒட்டிக்குத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த விதியை நான் ஒருமுறை மீறினேன். மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது கால் ஊனமான ஒரு பூக்காரம்மா வெயிலில் நின்று கை காட்டினார். பழக்கம். ஏற்றிக்கொண்டேன். பயணிகள் அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் எல்லோருக்கும் ஒரு முழம் பூ கொடுத்தார். அந்தப் படம் எப்படியோ அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ஜோசப் சார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மெதுவாக, "இது ஜமுனாமரத்தூர் பஸ் இல்லை, சின்னராசு" என்றார். சுற்றி இருந்த மற்ற வழிகாட்டிகள் காகிதத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது கேலியாகவே விழுந்தது. மலையிலிருந்து வந்தவன் என்பதை அதுவரை நான் மறைத்ததில்லை. அதற்குப் பிறகு என் பேச்சில் 'இன்னா' வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழகினேன். விதிகளை மற்றவர்களைவிடக் கடுமையாகப் பிடித்துக்கொண்டேன். சில ஆண்டுகளில், கடைசி பஸ்ஸைக் கூட்டிவருவது எப்போதும் என் பொறுப்பு என்றாயிற்று. கடைசி பஸ் என்றால் நம்பிக்கையான ஆள் என்று பொருள்.

இனி அந்த நாள்.

சிங்கப்பூரில் கிளம்பி, கிள்ளான் துறைமுகத்தைத் தொட்டு வந்த கப்பல் அது. சென்னையில் ஒரு பகல் நின்று, மாலையில் கொழும்புக்குப் போக வேண்டும். பாதிப் பயணிகள் காஞ்சிபுரம் பார்க்கப் பெயர் கொடுத்திருந்தார்கள். என் பஸ்ஸை ஓட்டியவர் முருகேசன், கண்ணமங்கலத்துக்காரர், என்னோடு பல ஆண்டு ஓடியவர். என்னை "மலைக்காரரே" என்று கூப்பிடும் உரிமையை அவராகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"மலைக்காரரே, இன்னிக்கி ரெண்டு சீட்டு காலியா வருதே?" என்றார் காலையில்.

"ஒரு தம்பதிக்கு வயிற்றுக் கோளாறு. கப்பலிலேயே இருந்துவிட்டார்கள்."

"அதானே. கப்பல்ல மூணு வேளையும் துன்னா வேற இன்னா ஆவும்?"

கைலாசநாதர் கோயிலில்தான் நான் நன்றாகப் பேசுவேன். மணற்கல்லில் வெட்டிய சிங்கத் தூண்கள், மதிலை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னச் சந்நிதிகள், சுதையின்மேல் இன்னும் மங்காமல் கிடக்கும் ஓவியத் துண்டு. அதில் ஒரு கண் மட்டும் தெரியும். அந்தக் கண்ணைக் காட்டிவிட்டு ஒரு நிமிடம் நான் ஒன்றும் பேசமாட்டேன். கூட்டமும் பேசாது. அன்று அப்படி நின்றபோது பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல்.

"தம்பி, நாங்களும் கொஞ்சம் நின்னு கேக்கலாங்களா? நாங்க ஒங்க பஸ்ஸு இல்ல. கப்பல் மட்டும் ஒண்ணு."

வயதான ஒரு தம்பதி. அவர் சுப்பையா, மலேசியாவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா சரோஜா. துறைமுக வாசலில் தனியாகக் கார் பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். தாத்தா காலத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறிய குடும்பம். "பசியாறியாச்சா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டது, எங்கோ பத்திரமாக வைத்திருந்த பழைய சொல்லை எடுத்துக் கொடுத்ததுபோல் இருந்தது. நிற்கச் சொன்னேன். அவர்கள் கேட்கிறார்கள் என்பதால் இன்னும் நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

அங்கே கருவறையைச் சுற்றி வர ஒரு குறுகலான வழி உண்டு. படுத்துத் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். தவழ்ந்து வெளியே வந்தவருக்கு மறுபிறவி இல்லை என்பார்கள். சுப்பையா பெரிய உடம்புக்காரர். அந்தத் துளையைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

"சும்மா இருங்க" என்றார் சரோஜா அம்மா. "நீங்க உள்ள மாட்டிக்கிட்டா கப்பல் ஒங்களுக்காக நிக்காது. அப்பறம் அங்க லட்சுமிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

லட்சுமி அவருடைய தங்கை. பெரிய நகரத்தில் தபால் அலுவலகத்தில் இருந்தவராம். இப்போது எல்லாம் மறந்துபோய்விட்டது. வீடு, வீதி, பெற்ற பிள்ளைகள், எல்லாம். அக்கா முகம் ஒன்றுதான் தங்கியிருக்கிறது. அக்கா கூட இருந்தால் சிரிப்பார், சாப்பிடுவார். அன்று வெயிலுக்குப் பயந்து இறங்க மறுத்துவிட்டதால், அறைப் பணியாளரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். "சாயங்காலம் வந்துடுவேன்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றார். கோயில் வாசலில் தங்கைக்குக் கண்ணாடி வளையல் வாங்கினார். பச்சையா சிவப்பா என்று என்னைக் கேட்டார். நான் பச்சை என்றேன்.

ஆகவே எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

ஏகாம்பரநாதர் கோயில், மதியச் சாப்பாடு, ஒரு நெசவாளர் வீட்டில் குழித்தறி, பட்டுக்கடை என்று நாள் ஓடியது. கடையில் ஓர் அம்மையார் புடவை கட்டிப் பார்த்ததில் எங்கள் பஸ் பிந்தியது. மற்ற பஸ்கள் முன்னால் போய்விட்டன. காஞ்சிபுரம் தாண்டிப் பெங்களூர் சாலையில் சேர்ந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். ஓரத்தில் ஒரு கார் முகப்பைத் திறந்துகொண்டு நின்றது. சரோஜா அம்மா சாலைக்கே வந்து கையை வீசினார். இன்னொரு கையில் வளையல் பொட்டலம்.

நான் சொல்வதற்கு முன்பே முருகேசன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். நான் இறங்கினேன்.

"நல்லவேளை தம்பி, நீங்க வந்தீங்க" என்றார் சுப்பையா. "எஞ்சின் சூடாகி நின்னுருச்சு. டிரைவர் மெக்கானிக்கத் தேடிப் போனாரு, ஆளக் காணோம். எங்க போன் இங்க வேலை செய்ய மாட்டேங்குது."

"ரெண்டு பேருதான். கீழ உக்காந்துக்கூட வருவோம்" என்றார் அந்த அம்மா.

பஸ்ஸில் இரண்டு இருக்கை காலி. கதவருகில் நின்ற முருகேசன், "ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று சொல்லியே விட்டார். என்னைக் கேட்காமல் என் பஸ்ஸுக்கு இவர் யார் சொல்ல? ஜன்னலோரம் பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையில் கேமரா. பூக்காரம்மா படம் நினைவுக்கு வந்தது. அடுத்த பருவத்துக்குத் தலைமை வழிகாட்டியாக என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

என் சட்டைப் பையில் போன் இருந்தது. ஜோசப் சாரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் மலைக்காரன் மறுபடி மலைக்காரப் புத்தியைக் காட்டிவிட்டான் என்று நினைப்பார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

"விதிப்படி இந்தப் பஸ்ஸில் ஏற்ற முடியாதும்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும். அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க என்னால் முடியவில்லை. அதனால் சொன்னேன்: "கவலைப்படாதீங்க. பின்னால் இன்னொரு பஸ் வரும். அதில் ஏறிக்குங்க. நான் சொல்லிவிடுகிறேன்."

பின்னால் பஸ் இல்லை. என் பஸ்தான் கடைசி.

"அப்படிங்களா? நல்லது தம்பி, நல்லது" என்று சுப்பையா கைகூப்பினார்.

பஸ் கிளம்பியது. முருகேசன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பின்னால ஏது சார் பஸ்ஸு?" என்றார். மலைக்காரரே என்று சொல்லவில்லை. அன்றுதான் முதல்முறையாக என்னை சார் என்றார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

"ஒங்க மலையில இப்டித் தாண்டிப் போனா, மறுநாளு அந்த ரோட்ல வண்டிய எட்த்துகினு போவ முடியுமா?"

மைக்கை எடுத்து, பயணிகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பற்றி ஏதோ சொன்னேன்.

வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து போக்குவரத்து நின்றது. நாங்கள் துறைமுகம் சேர்ந்தபோது கிளம்பும் நேரம் கடந்திருந்தது. ஆனாலும் கப்பல் காத்திருந்தது. வாக்குப்படி எங்கள் பஸ்ஸுக்காக அவ்வளவு பெரிய கப்பல் ஏணியை இறக்கி வைத்துக்கொண்டு நின்றது. புடவை கட்டிப் பார்த்த அம்மையார்கூட ஓடாமல் நடந்தே ஏறினார். கடைசி ஒட்டி ஏறியதும் ஏணியை இழுத்துவிட்டார்கள். ஜோசப் சார் வலது கைக் கடிகாரத்தைப் பார்த்து, "நல்ல வேலை" என்றார். சாலையில் நின்ற இருவரைப் பற்றி அப்போதுகூட நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கப்பலில் லட்சுமியிடமாவது யாராவது போய் உட்கார்ந்திருப்பார்கள்.

மறுநாள் காலையில், கப்பலைத் தவறவிட்ட ஒரு தம்பதிக்குத் தமிழ் பேசி உதவ ஆள் வேண்டும் என்று துறைமுக முகவர் கேட்டார். ஜோசப் சார் என்னை அனுப்பினார். அவர்கள் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். முகவர் கப்பலிலிருந்து வாங்கி வைத்திருந்த கடவுச்சீட்டு இரண்டும் மேசைமேல் இருந்தன. சுப்பையாவுக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம்தான்.

"அந்தப் பஸ்ஸுக்கு ஏதோ ஆயிருச்சு போல தம்பி. வரவேயில்லை. நீங்க போன உடனேயே காய்கறி வேன்காரர் ஒருத்தர் நிறுத்தி, ஏறுங்க துறைமுகத்துல விட்டுடறேன்னாரு. அடுத்து ஒரு கார்க்காரரும் கேட்டாரு. நீங்க பஸ் வரும்னு சொல்லியிருக்கீங்களே, வந்து எங்களைக் காணாமத் தேடினா ஒங்களுக்குச் சங்கடம்னு வேணாம்னுட்டோம்."

விதி அவர்களைச் சாலையில் நிறுத்தியது உண்மை. ஆனால் விதி மட்டும் இருந்திருந்தால் அந்தக் காய்கறி வேனில் ஏறி, கப்பலைப் பிடித்திருப்பார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது நான் சொன்ன ஒரு வாக்கியம். சரோஜா அம்மா என்னைப் பார்க்கவில்லை. "கொழும்புக்குப் பிளேன் எப்போ?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். என் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்ட சுப்பையா, தன் எண்ணையும் சொல்லி என்னைப் போனில் பதிந்துகொள்ளச் செய்தார். எப்போதாவது மலேசியா வந்தால் வீட்டுக்கு வர வேண்டுமாம்.

ஜோசப் சாரிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் வரும் என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

"போன் பண்ணியிருந்தால் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருப்பேனே" என்றார். இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, விதிப்படிதான் செய்திருக்கிறாய்."

அடுத்த பருவத்தில் என்னைத் தலைமை வழிகாட்டி ஆக்கினார்கள்.

அதே கப்பல் மறு வருடமும் வந்தது. அதில் அறைப் பணியாளராக இருந்த சலீம் வாணியம்பாடிக்காரர். எங்கள் பக்கத்து ஆள் என்று பேச்சுக் கொடுத்தபோது, அவர் கவனித்துக்கொண்ட அறைகளில்தான் அந்தச் சகோதரிகள் இருந்தார்கள் என்று தெரிந்தது. நானாகக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"அந்தச் சின்னம்மா சாயங்காலம் கைப்பைய மாட்டிகினு ஏணிகிட்ட போய் நின்னுச்சு சார். கப்பல் எடுத்த அப்பறமும் நவுரல. ரெண்டு நாளா ஒரு வாய் கஞ்சி எறங்கல. வராண்டாவுல போற பொம்பளைங்கள எல்லாம் நிறுத்தி, 'நீங்க எங்கக்காவா?'ன்னு கேக்குது. வெள்ளைக்காரி, சீனாக்காரி, அல்லாரையும். கொழும்புல அந்தப் பெரியம்மா ஓடியாந்துச்சு பாருங்க. சின்னம்மா அத்த பாக்குது, பாக்குது. 'எங்கக்கா வர்றேன்னு போயிருக்கா, நீங்க யாரு?'ன்னுடுச்சு."

"அப்புறம்?"

"பெரியம்மா அழுவல சார். பச்சை வளையல எடுத்து அதும் கையில போட்டு வுட்டுச்சு. சின்னம்மாக்கு ஒரே குஷி. கைய ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு, 'அக்கா வந்ததும் காட்டணும்'னு சொல்லுச்சு. நான் வெளிய வந்துட்டேன்."

கப்பல் சுற்றித் திரும்பி அவர்கள் கிள்ளானில் இறங்கும்வரை அக்கா முகத்தின் நினைவு திரும்பவில்லை என்றார் சலீம். நோய் எப்படியும் ஒருநாள் அதையும் எடுத்துக்கொண்டுபோயிருக்கும் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. இருக்கலாம். ஆனால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது நோய் அல்ல.

அதற்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்தேன். எனக்குக் கீழே வந்தவர்களிடம் அந்த விதியை வற்புறுத்திச் சொன்னேன். சரியாக நடத்துகிறவன் என்று பெயர் வாங்கினேன். முருகேசன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். போகும்போது கைகொடுத்தார். அப்போதும் "வர்றேன் சார்" என்றுதான் சொன்னார்.

ஜீப்காரர்கள் வந்துபோன மறுநாள் சுப்பையாவின் எண்ணைக் கூப்பிட்டேன். இத்தனை காலம் அது என் போனிலிருந்து போனுக்கு மாறி மாறி என்னோடே வந்திருந்தது. சரோஜா அம்மா எடுத்தார். சுப்பையா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறதாம். தங்கை அதற்கும் முன்னாலேயே. நான் யார் என்று சொன்னேன். காஞ்சிபுரம் என்றேன். பச்சை வளையல் என்றேன்.

"ஆமா தம்பி" என்றார்.

"அன்னைக்கு எங்க பஸ்ஸுக்குப் பின்னால் வேறு பஸ் இல்லம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். "நீங்க பஸ்ல ஏறுன வேகத்துலயே தெரிஞ்சு போச்சு. வேன்ல ஏறிடலாம்னு எவ்வளவோ சொன்னேன். அவருதான் கேக்கல. அந்தத் தம்பி பொய் சொல்ற ஆள் இல்லன்னாரு. கடைசிவரைக்கும் அப்படியேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, வச்சிடறேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

அந்த வாரமே ஜீப்காரர்களைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். விதி போட்டுக் கொடுத்தேன், ஆனால் அவர்கள் கேட்டதை அல்ல. வழியில் கை காட்டுகிறவர்களுக்கு இந்த வண்டி நிற்கும் என்று பயணிகள் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிடிக்காதவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம். இடமில்லை என்றாலும் நின்று, இடமில்லை என்று சொல்ல வேண்டும். பின்னால் வண்டி வருமா என்று தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்ல வேண்டும்.

"ஒத்த ஸ்டாரு வந்தா?" என்று கேட்டான் ஒருவன்.

"வரட்டும். என் பேரைப் போடச் சொல்லு" என்றேன்.

பாதிப்பேர் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் ஒப்புக்கொள்ள முடியாது என்று எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் போவேன். ஒப்புக்கொள்ளும்வரை போவேன்.

போன ஞாயிறு, விதி எப்படி நடக்கிறது என்று பார்க்கப் பச்சையம்மாள் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து போனேன். பின்னால் பெங்களூர்க் கூட்டம், நெருக்கிக்கொண்டு. அருவிக்கு முந்தின வளைவில் ஒரு பெண், இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போக நின்றிருந்தாள். பச்சையம்மாள் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இறங்கிக்கொண்டேன்.

"மாமா, வெயில்ல நிப்பீங்களா? பின்னால வண்டி எதுவும் வருமான்னு தெரியலயே" என்றாள்.

"தெரியலன்னு சொன்ன பாரு, அது போதும். நீ புள்ளைய ஆஸ்பத்திரில வுட்டுட்டு அப்பறம் அருவிக்குப் போ."

குழந்தையின் தாய் என் இருக்கையில் ஏறினாள். ஜீப் வந்த வழியே திரும்பி வளைவில் மறைந்தது. வண்டி ஏதாவது வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எதுவும் வரவில்லை. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.